நாற்பது கிலோ கண்ணாடி

முகம் பார்க்க உதவாத கண்ணாடி இது. எதிரில் போய் நின்றால் நம் முகம் தெரியாது. அந்தப் பக்கம் நிற்பவர்தான் தெரிவார். 34 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் தடிமன், 40 கிலோ எடை. கண்ணுக்குப் புலப்படாத ஓர் அகச்சிவப்பு ஒளியை, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை மட்டும் திருப்பி அனுப்பத் தெரியும் இதற்கு. அந்த ஒரு வேலையில் ஆள் கெட்டி. கருவியின் கோடியில் தொங்கும் கண்ணாடியில் பத்து லட்சம் ஃபோட்டான்கள் வந்து மோதினால் நாலைந்துதான் தப்பி மறுபக்கம் போகும்.

அமெரிக்காவில் லைகோ என்ற பெயரில், காலவெளியின் நெளிவான ஈர்ப்பலையைத் தேடும் இரண்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒன்று வாஷிங்டன் மாநிலத்தில், ஹான்ஃபோர்டு பாலைநிலத்தில். இன்னொன்று லூசியானாவில், லிவிங்ஸ்டன் பைன் காட்டுக்குள். இரண்டிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிரிந்துபோகும் இரு கைகள், கைக்கு 4 கிலோமீட்டர். ஒவ்வொரு கையிலும் அருகில் ஒரு கண்ணாடி, கோடியில் ஒரு கண்ணாடி. இரு கைகளின் நீளமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை லேசர் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த நான்கு கண்ணாடிகளில் ஒன்றின் கதைதான் இது.

லைகோவின் முதல் தலைமுறையில் இதே இடத்தில் தொங்கியவை 10.7 கிலோ எடைதான். அடுத்த தலைமுறையில் எடை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கண்ணாடி பெரிதாக இருந்தால் லேசர் கற்றையை அகலமாக விரித்துப் படவிடலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒளி வந்து இடிக்கும்போது அது அசையக் கூடாது. இந்த இரண்டாவது காரணத்துக்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. அது கண்ணாடி பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தொடங்குகிறது.

1936. லெனின்கிராடில் மத்வேய் பிரான்ஸ்டைன் என்ற இயற்பியலாளர், இன்னும் முப்பதைத் தொடாதவர், ஈர்ப்புப் புலத்தை எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்று கேட்டுக்கொண்டார். புலத்தை அளக்க ஒரு பொருளை அங்கே வைத்து, அது எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதே பொருளை உதைத்துவிடும். அது குவாண்டம் விதி. பொருள் கனமாக இருந்தால் உதை உறைக்காது. ஆகவே கனத்தைக் கூட்டு. ஆனால் கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பொருளின் சொந்த ஈர்ப்பு, அளக்க வந்த புலத்தையே மாற்றிவிடும். ஒரு கட்டத்தில் தன் எடையில் தானே மூழ்கிவிடும். இடம், காலம் என்ற பழைய கருத்துகளையே இங்கே கைவிட நேரலாம் என்பது வரை அவர் யோசித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்டாலினின் காவல்துறை அவரைக் கைது செய்தது. 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 31.

1958-இல் யூஜின் விக்னரும் ஹெல்முட் சாலெக்கரும் இதே வழியில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். தூரத்தை அளக்க அளவுகோல் எதற்கு, கடிகாரம் போதுமே என்றார்கள். ஒளியை அனுப்பு, அங்கே கண்ணாடியில் பட்டுத் திரும்பட்டும், போய்வந்த நேரத்தைப் பார். அந்த நேரத்துக்குள் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்ததா? குவாண்டம் இயற்பியல் அந்த உத்தரவாதத்தைத் தராது. எங்கே இருந்தது என்று துல்லியமாகத் தெரிந்தால், எந்த வேகத்தில் நகரும் என்பது தெரியாமல் போகும். காத்திருக்கும் நேரம் கூடக் கூட இந்த மங்கல் விரியும். நிறை கூடினால் சுருங்கும். நம் 40 கிலோ கண்ணாடிக்கு, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு, இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் வருவது சுமார் 1.6 × 10⁻¹⁹ மீட்டர். புரோட்டானின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தாளில் கணக்குப் போட்டவர்களுக்கு அது வெறும் எண். அந்த எண்ணைக் கருவியில் எட்டிப்பிடிக்க நேரும் என்று அன்று நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

நினைத்தவர் ஒருவர் உண்டு. மாஸ்கோவில் விளாடிமிர் பிராகின்ஸ்கி. 1960-களின் கடைசியிலேயே, ஈர்ப்பலையைத் தேடும் கருவிகள் ஒருநாள் இந்தச் சுவரில் வந்து முட்டும் என்று சொல்லிவிட்டார். இன்று ‘தர குவாண்டம் எல்லை’ என்று வழங்கும் எல்லை அவர் கோடு கிழித்துக் காட்டியதுதான்.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? தகரக் கூரைமேல் மழை பெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் சீராகக் கேட்பதுபோல் இருந்தாலும் துளிகள் சீராக விழுவதில்லை. ஒரு நொடி கூடுதல், ஒரு நொடி குறைவு. லேசர் ஒளியிலும் ஃபோட்டான்கள் அப்படித்தான் வந்து விழுகின்றன. இந்த ஏற்ற இறக்கம் இரண்டு தொல்லை தருகிறது. ஒன்று, ஒளியை எண்ணும் இடத்தில் வரும் தடுமாற்றம். இதற்கு வழி எளிது: ஒளியைக் கூட்டினால் சராசரி தெளிவாகிவிடும். இரண்டாவது, கண்ணாடியின்மேல் விழும் அடி. ஒளிக்கு அழுத்தம் உண்டு. 200 கிலோவாட் ஒளி பட்டுத் திரும்பும்போது கண்ணாடியை ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்கு எடை அளவுக்குத் தள்ளுகிறது. ஒரே சீராகத் தள்ளினால் குறையில்லை. சீரில்லாமல் தள்ளுவதால்தான் கண்ணாடி நடுங்குகிறது. ஒளியைக் கூட்டினால் எண்ணிக்கைத் தடுமாற்றம் குறையும், நடுக்கம் கூடும், குறைத்தால் நேர்மாறு. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் இடம்தான் அந்த எல்லை.

ஒளி பாதி பாதியாகப் பிரிந்து இரண்டு கைகளுக்கும் போகிறதே, இரண்டு பக்கமும் ஒரே நடுக்கம் என்றால் கழித்துப் பார்க்கும்போது அடிபட்டுப் போகாதா என்று ஒரு சர்ச்சை நெடுநாள் ஓடியது. 1980-இல் கால்டெக்கில் இருந்த கார்ல்டன் கேவ்ஸ் அதைத் தீர்த்தார். அவர் காட்டிய வழி இன்றும் வியப்பாக இருக்கிறது. கருவியில் ஒளி வெளியேறும் வாசல் ஒன்று உண்டு. சாதாரணமாக அது இருட்டாக இருக்கும். அந்த இருட்டு வாசல் வழியே வெற்றிடத்தின் சலனம் உள்ளே வருகிறது என்றார் கேவ்ஸ். வெற்றிடம் என்றாலும் மின்காந்தப் புலம் அங்கே முற்றாக அடங்கி இருப்பதில்லை. உள்ளே வரும் அந்தச் சலனம் லேசரோடு கலந்து, ஒரு கையில் கூட்டியும் மறு கையில் குறைத்தும் வைக்கிறது. ஆக, கண்ணாடியை நடுங்க வைப்பது லேசர் மட்டும் அல்ல, ஒன்றுமில்லாத வாசலும்தான். இப்படி நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது: அந்த வாசலில் சாதாரண வெற்றிடத்துக்குப் பதிலாக, வேண்டிய பக்கம் சலனத்தைக் குறைத்து வேண்டாத பக்கம் ஒதுக்கிய, ‘நெருக்கிய’ வெற்றிடத்தை அனுப்பலாமே. அடுத்த ஆண்டே அதையும் எழுதிவிட்டார். மருந்து கண்ணாடி வரை வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆனது.

இனிக் கண்ணாடி பிறந்த கதைக்கு வருவோம். மூலப்பொருள் ஜெர்மனியின் ஹெரேயஸ் நிறுவனம் தயாரித்த செயற்கை சிலிக்கா. மணலை உருக்கிச் செய்வதல்ல. சிலிக்கான் சேர்மத்தின் ஆவியிலிருந்து தூய சிலிக்காவைப் படியவைத்துத் திரட்டுவது. ஒளியை உறிஞ்சிச் சூடாகும் அழுக்கு துளியும் இருக்கக் கூடாது என்பதற்காக இத்தனை பாடு.

பிறகு மெருகு. அமெரிக்காவின் ஸைகோ நிறுவனத்தில் தேய்த்து, கடைசியில் அயனிக் கற்றையால் மேடு பள்ளங்களை அணு அணுவாகச் சீவினார்கள். பார்த்தால் தட்டையாகத்தான் இருக்கும். உண்மையில் கோடிக் கண்ணாடியின் முகம் 2,245 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தின் துண்டு. விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள பள்ளம் ஆறு மைக்ரானைச் சற்றே தாண்டும். லேசர் படும் நடுப்பகுதியில், அந்த வளைவிலிருந்து விலகல் சராசரியாக ஒரு நானோமீட்டருக்கும் கீழே.

பூச்சுக்குப் பிரான்ஸ். லியோன் நகரத்து உயர்நிலைப் பொருள்கள் ஆய்வகத்தில், வெற்றிட அறைக்குள், சிலிக்காவையும் டைட்டானியம் கலந்த டாண்டலம் ஆக்சைடையும் மாறி மாறிப் படலங்களாகப் படியவைக்கிறார்கள். ஒவ்வொரு படலமும் கொஞ்சம் கொஞ்சம் ஒளியைத் திருப்ப, எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ முழுவதையும் திருப்பிவிடுகின்றன. இத்தாலியின் விர்கோ கருவிக்கும் கண்ணாடிகள் இதே ஆய்வகத்தில்தான் பூச்சு பெறுகின்றன. பிறகு மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டி கால்டெக்கில் சோதனை.

ஹான்ஃபோர்டு போன்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததும் தொங்கவிடும் வேலை. கண்ணாடியின் பக்கவாட்டில் சிலிக்காவாலான இரண்டு காதுகளை ஒட்டுகிறார்கள். ஒட்டுவது பசையால் அல்ல. காரக் கரைசல் ஒன்று இரு பரப்புகளையும் வேதியியல் முறையில் ஒன்றாக்கிவிடும். புவியைச் சுற்றி ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்த ‘கிராவிட்டி புரோப் பி’ செயற்கைக்கோளுக்காக ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த உத்தி அது. காதுகளிலிருந்து நான்கு கண்ணாடி இழைகள். 60 சென்டிமீட்டர் நீளம், 0.4 மில்லிமீட்டர் தடிமன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி, 3 மில்லிமீட்டர் சிலிக்காத் தண்டை கார்பன் டை ஆக்சைடு லேசரால் இளக்கி இழுத்து எடுத்தவை. விரல் பட்டால் போச்சு. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், இழை தெறித்துவிடும். தொடாமல் விட்டால் பத்து கிலோவை இழை ஒன்று அனாயாசமாகத் தாங்கும். இழையும் கண்ணாடியும் ஒரே பொருளானதால் அணுக்களின் வெப்ப நடுக்கம் ஒரு சில அதிர்வெண்களில் மட்டும் குவிந்து, மற்ற இடங்களை அமைதியாக விடுகிறது. இழைகளின் சொந்தச் சுருதி சுமார் 500 ஹெர்ட்ஸ். லைகோவின் பதிவில் அது எப்போதும் கூர்முனையாக நீட்டிக்கொண்டிருக்கும்.

மேலே இன்னும் மூன்று அடுக்கு ஊசல்கள். எல்லாவற்றுக்கும் கீழே நம் ஆள். முகத்தில் பூசியிருந்த பாலிமர் படலத்தை உரித்தெடுத்தால் தூசும் கூடவே போய்விடும். அதன்பின் கதவை அடைத்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். மிஞ்சும் அழுத்தம் வெளியே இருப்பதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

தூசு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. விர்கோவில் வெற்றிடப் பம்புகளிலிருந்து கிளம்பிய துகள்கள் பட்டே இழைகள் அறுந்தன. கொஞ்ச காலம் எஃகுக் கம்பியில் தொங்கவிட வேண்டியதாயிற்று. ஹான்ஃபோர்டில் 2017-இல் வேறு வகைத் தொல்லை. பதிவில் விளங்காத கீச்சுகள். தேடிப் போனால், கட்டடத்துக்கு வெளியே குளிர்ந்த நைட்ரஜன் போகும் குழாயில் உறைந்திருந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. பாலைநிலம், தாகம், என்ன செய்யும் பாவம். குழாய்க்கு உறை போட்டார்கள். கறுந்துளைகளைக் கேட்கும் காதுக்குக் காக்கையின் அலகும் கேட்கும் என்பதை வேறு எந்தச் செய்தியும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

2015 செப்டம்பர் 14 வந்தது. முறையான பதிவு இன்னும் தொடங்கவில்லை. கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கட்டம். 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கறுந்துளைகள் மோதி ஒன்றான அலை முதலில் லிவிங்ஸ்டனையும், ஏழு மில்லிவிநாடி கழித்து ஹான்ஃபோர்டையும் கடந்தது. விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் 4 கிலோமீட்டர் தூரம் நீண்டு சுருங்கியது சுமார் 4 × 10⁻¹⁸ மீட்டர். நோபல் பரிசு 2017-இல் வந்தது. இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது, நீட்ட வேண்டாம்.

எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது அதன்பின் கண்ணாடிக்கு நடந்தவை. 2019 ஏப்ரலில் தொடங்கிய மூன்றாம் பதிவில் கேவ்ஸ் சொன்ன நெருக்கிய வெற்றிடத்தை இருட்டு வாசல் வழியே அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு படிகத்துக்குள் பச்சை ஃபோட்டான் ஒன்று இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்களாகப் பிரியும். அந்த இரட்டையரின் ஒட்டுறவில்தான் நெருக்கல் பிறக்கிறது. ஜெர்மனியில் ஜியோ 600 கருவி இதை முன்பே பழகியிருந்தது. எதிர்பார்க்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை ஹான்ஃபோர்டில் 40 சதவீதம், லிவிங்ஸ்டனில் 50 சதவீதம் கூடியது.

கராச்சியில் வளர்ந்த நெர்கிஸ் மவல்வாலா எம்.ஐ.டி.யில் நடத்தும் குழு இதையே வைத்து இன்னொன்றையும் காட்டியது. நெருக்கும் கோணத்தை மாற்றி மாற்றி வைத்து, இயந்திர இரைச்சல், வெப்ப இரைச்சல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது: 40 கிலோ கண்ணாடியை ஒளியின் குவாண்டம் ஏற்ற இறக்கம் 10⁻²⁰ மீட்டர் அளவுக்கு உதைக்கிறது. அணுவுக்கும் மூலக்கூறுக்கும் உரிய விதி என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று, அறை வெப்பத்தில், ஆள் பாரத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு பொருளின்மேல் அளவெடுத்துக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி. நான்கு கண்ணாடிகளின் கூட்டு அசைவை, கணக்கில் அது 10 கிலோ பொருளின் ஊசலாட்டத்துக்குச் சமம், பின்னூட்ட விசையால் அடக்கி 77 நானோகெல்வினுக்குக் கொண்டுவந்தார்கள். குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் அடிமட்ட அசைவுக்கு மேலே பதினொன்றுக்கும் குறைவான படிகளே மிச்சம்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. எண்ணிக்கைத் தடுமாற்றத்தை நெருக்கினால் கண்ணாடியின் நடுக்கம் கூடும். முதலாவது உயர் அதிர்வெண்ணில் தொல்லை, இரண்டாவது தாழ் அதிர்வெண்ணில் தொல்லை. ஆகவே ஓர் அதிர்வெண்ணுக்கு ஒரு பக்கம், மற்றதற்கு வேறு பக்கம் நெருக்க வேண்டும். அதற்கென்றே 300 மீட்டர் நீளத்தில் தனியாக ஓர் ஒளிக்குழாய் கட்டினார்கள். 2023 மே மாதம் தொடங்கிய நான்காம் பதிவில் அது வேலைக்கு வந்தது. கருவி எட்டும் வெளியின் கன அளவு 65 சதவீதம் வரை கூடியது. 2024-இல் வந்த ஆய்வுக் கட்டுரை, 35 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை குவாண்டம் இரைச்சல் பிராகின்ஸ்கியின் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைக் காட்டியது. விதி எதுவும் மீறப்படவில்லை. ஒளியின் இரு தடுமாற்றங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கோடு எல்லை. தொடர்பை உண்டாக்கிவிட்டால் அது எல்லையல்ல என்பதைப் பிராகின்ஸ்கியின் பள்ளியினரே அறிந்திருந்தார்கள். அவர் 2016-இல் காலமானார்.

பிரான்ஸ்டைனின் எல்லை என்னவாயிற்று? அது வேறு ரகம்; ஒளியை நெருக்கித் தாண்ட முடியாது. 40 கிலோ நிறை கறுந்துளையாக வேண்டுமானால் 6 × 10⁻²⁶ மீட்டர் ஆரத்துக்குள் சுருங்க வேண்டும். ஆகவே நம் கண்ணாடிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் விக்னரின் கணக்கோடு இந்த ஆரத்தையும் சேர்த்து 1994-இல் இங், வான் டாம் இருவரும் ஒரு மதிப்பீடு செய்தார்கள். ஹங்கேரியின் காரோலிஹாசி 1966-இல் வேறு வழியில் வந்தடைந்த இடமும் அதுவே. அதன்படி எந்தத் தூரத்தையும் ஓரளவுக்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. 4 கிலோமீட்டருக்கு அந்த மங்கல் சுமார் 10⁻²² மீட்டர் வருகிறது. காலவெளியின் இழை தெரியும் என்று எதிர்பார்க்கும் பிளாங்க் நீளமோ 1.6 × 10⁻³⁵ மீட்டர். பதின்மூன்று இலக்கம் முன்னதாகவே மங்கல் தொடங்கிவிடும் என்பது கவர்ச்சியான வாதம். ஏற்காதவர்கள் நிறைய, கடிகாரம் தனித்து மிதக்கும் ஒற்றை நிறையாகத்தான் இருக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்கும் படுகிறது. சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் கிரெய்க் ஹோகனின் குழு 40 மீட்டர் கைகளுள்ள இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலவெளியே துடிக்கிறதா என்று நேரடியாகவே பார்த்தது. அவர் எதிர்பார்த்த இரைச்சல் 2015-இல் கிடைக்கவில்லை. இல்லை என்ற பதிலும் பதில்தான். அந்த வகை மாதிரி ஒன்று பட்டியலிலிருந்து போயிற்று.

கண்ணாடிகளுக்கும் ஓய்வு உண்டு. பூச்சில் உள்ள மிகச் சிறிய புள்ளிகள் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள பரப்பைப் புடைக்க வைப்பது தெரியவந்தது. ஒளியைக் கூட்ட முடியாமல் அதுவே தடுத்தது. நான்காம் பதிவுக்கு முன் சில கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றினார்கள். அடுத்த மேம்பாட்டுக்கு 100 கிலோ கண்ணாடி பேசப்படுகிறது. 40 கிலோமீட்டர் கைகளோடு திட்டமிடப்படும் ‘காஸ்மிக் எக்ஸ்புளோரர்’ கருவிக்கு 320 கிலோ. அவ்வளவு பெரிய வில்லைக்கு ஒரு புள்ளிகூட விழாமல் பூச்சுப் போடுவது இன்னும் யாருக்கும் கைவராத வித்தை.

ஹான்ஃபோர்டில் முதலில் இரண்டு கருவிகள் வைப்பதாகத் திட்டம். இரண்டாவதற்கான பாகங்களைப் பொருத்தாமல் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள், இந்தியாவுக்கு அனுப்ப. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டம், ஔண்டா நாகநாத் அருகே இடம் தேர்வாகியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2030-இல் முடிப்பதாகத் திட்டம். கண்ணாடி வருவதற்கு முன் அங்கே மண்வேலை இருக்கிறது. பூமி உருண்டை, லேசரோ நேராகத்தான் போகும். 4 கிலோமீட்டர் போவதற்குள் தரை ஒன்றேகால் மீட்டர் கீழே இறங்கிவிடும். அதை மேடுபோட்டு நிரவிய பிறகுதான் 10⁻²⁰ பற்றிப் பேச முடியும்.